பேயும் அன்று, வேட்டையும் அன்று: ‘சோசெய் நோ ஒன்ம்யோஜி’ மங்காவை வாசிக்கும் முறை

பேய்களை எதிர்த்துப் போரிடும் சிறுவர் சிறுமியரைப் பற்றிய மங்கா எனும் சித்திரக்கதைகளுக்கு ஜப்பானில் பஞ்சமே இல்லை. அவற்றுள் சுகெனோ யோஷியாக்கி எழுதி வரைந்த ‘சோசெய் நோ ஒன்ம்யோஜி’ என்ற நெடுங்கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை முதன்முறையாகக் கையில் எடுக்கும் தமிழ் வாசகர் எப்படி அணுகலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். ஷூயெய்ஷா நிறுவனத்தின் ‘ஜம்ப் ஸ்குவேர்’ மாத இதழில் 2013ஆம் ஆண்டு தொடங்கிய இக்கதை, பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து, முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக விரிந்தது. ஆங்கிலத்தில் ‘ட்வின் ஸ்டார் எக்ஸார்சிஸ்ட்ஸ்’ என்ற பெயரில் விஸ் மீடியா நிறுவனம் 2015 முதல் வெளியிட்டு வருவதால், நம்மில் பெரும்பாலோர் அந்தப் பதிப்பின் வழியாகவே இதற்குள் நுழைகிறோம்.

முதல் தொகுதியைப் பாதியிலேயே மூடிவைத்துவிட்ட பலரிடம் பேசியிருக்கிறேன். ‘ஒரு பையன், ஒரு பெண், இரண்டு பேருக்கும் ஆகாது, நடுவில் பேய், கடைசியில் சேர்ந்து அடிப்பார்கள், அவ்வளவுதானே’ என்பார்கள். கதையின் மேற்தோல் அப்படித்தான் இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று சொற்களைச் சரியான பொருளில் பிடித்துக்கொண்டு வாசித்தால், அந்த இருவரின் போட்டி முற்றிலும் வேறொன்றாகத் தெரியத் தொடங்கும். கதையின் பெரிய திருப்பங்கள் எதையும் இங்கே வெளியிடவில்லை என்பதால், இன்னும் தொடங்காதவர்களும் தயங்காமல் மேலே படிக்கலாம்.

புத்தகத்தைப் பிடிக்கும் விதம்

ஏற்கெனவே மங்கா வாசித்துப் பழகியவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். சிவகாசியிலிருந்து 1972இல் வரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் முதல் இன்றுவரை நாம் படித்த சித்திரக்கதைகள் எல்லாம் இடமிருந்து வலமாகச் செல்பவை; ஜப்பானிய எழுத்து மரபில் வரிகள் மேலிருந்து கீழாக எழுதப்பட்டு வலமிருந்து இடமாக நகர்வதால், மங்காவின் கட்டங்களும் அதே திசையில் ஓடுகின்றன. ஆகவே, நாம் பின்னட்டை என்று நினைக்கும் பக்கமே முன்னட்டை. வலது மேல் மூலையில் தொடங்கி இடப்புறம் சென்று, பிறகு கீழே இறங்க வேண்டும். ஒரே கட்டத்துக்குள் பேச்சுக்குமிழ்கள் பல இருந்தாலும் இதே வரிசைதான். முதல் இருபது பக்கங்களில் கண் தடுமாறும், பிறகு தானாகப் பழகிவிடும். கைப்பேசியில் வாசிப்பவர்கள் பக்கம் புரளும் திசையை முதலிலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கங்களை இணைத்து வரைந்த பெரிய சண்டைக்காட்சிகள் திசை மாறினால் பொருளற்றுப் போய்விடும்.

இந்தக் கதைக்கு மிகவும் தேவையான வழக்கம் ஒன்று உண்டு. கட்டங்களுக்கு இடையேயுள்ள வெள்ளை இடைவெளி திடீரெனக் கறுப்பாக மாறினால், பெரும்பாலும் நாம் கடந்த காலத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று பொருள். நாயகன் வாழ்வில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கொடிய இரவு மீண்டும் மீண்டும் நினைவாக வந்து போகும் கதை இது. கறுப்புப் பக்கங்களை வேகமாகப் புரட்டுபவர் கதையின் ஆணிவேரையே தவறவிடுகிறார்.

‘கெகாரே’ என்ற சொல்

என் அக்கா மகள் பதினான்கு வயதில் இந்த மங்காவின் முதல் தொகுதியை என் அருகில் அமர்ந்து வாசித்தாள். கெகாரே என்றால் என்ன என்று கேட்டவளுக்கு, ஜப்பான்காரர்களின் பேய் என்று சொல்லிவைத்தேன். நாயகன் தன் வலக்கையை வெளிப்படுத்தும் பக்கம் வந்தபோது, விரலை அந்தக் கட்டத்தின்மேல் வைத்துக்கொண்டே அவள் நிமிர்ந்தாள். “மாமா, பேய அடிக்கிறவன் கையே பேய்க்கையா இருக்கே, அது எப்படி?” என்றாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நான் கொடுத்த சொல்லே தவறு என்பது அப்போதுதான் உறைத்தது.

கெகாரே என்பதற்குத் தமிழில் மிக நெருங்கிய சொல் பேய் அன்று, தீட்டு. ஜப்பானின் பழஞ்சமயமான ஷிந்தோவின் மரபில் இறப்பு, பிரசவம், இரத்தம், நோய் ஆகியவற்றால் ஒருவர்மேல் படியும் நிலைக்கு அந்தப் பெயர். அது குற்றம் செய்ததால் வருவதன்று, நெருங்கியதால் வருவது. இழவு வீட்டுக்குப் போய்வந்தவர் தலைமுழுகிவிட்டு வீட்டுக்குள் வருவதை அறிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஜப்பானில் இறுதிச்சடங்குக்குச் சென்று திரும்புபவர்கள், அங்கே கொடுக்கப்படும் சிறு பொட்டலத்து உப்பை வீட்டு வாசலில் தங்கள்மேல் தூவிக்கொண்டு நுழைவது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. கோயில் வாசலில் கையும் வாயும் கழுவும் தொட்டி இருப்பதும் இதே காரணத்தால்தான்.

மங்காவில் வரும் அரக்கர்களுக்கு ஆசிரியர் வைத்திருக்கும் பெயர் இதுவேதான். அவற்றை ஒழிப்பதற்குப் பயன்படும் ஜப்பானிய வினைச்சொல் ‘ஹராவு’. ஆங்கிலத்தில் இது பேயோட்டுவதற்கான சொல்லாக வருகிறது, ஆனால் அதன் உள்ளே இருப்பது தூய்மை செய்தல், துடைத்து அகற்றுதல் என்ற பொருள். நம் வழக்கில் ‘கழிப்புக் கழித்தல்’ என்று சொல்வோமே, அதற்குப் பக்கத்தில் வைக்கத்தக்க சொல் அது. இனி முதல் தொகுதியை வாசிக்கும்போது பேய் என்று தோன்றும் இடத்திலெல்லாம் தீட்டு என்றும், கொல்வது என்று தோன்றும் இடத்திலெல்லாம் கழிப்பது என்றும் மனத்துக்குள் மாற்றிப் படித்துப் பாருங்கள். அக்கா மகளின் கேள்விக்கு உடனே விடை கிடைத்துவிடும். பேயை அடிக்கிறவன் கை பேய்க்கையாக இருப்பது விந்தைதான்; ஆனால் தீட்டைத் தொட்டுக் கழிக்கிறவன் கையில் தீட்டு ஒட்டியிருப்பதில் விந்தையே இல்லை.

ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 30 அன்றும் டிசம்பர் 31 அன்றும், ஷிந்தோ கோயில்களில் ‘ஓஹராயே’ என்ற பெருந்தூய்மைச் சடங்கு நடக்கிறது. மனித உருவில் வெட்டிய சிறு காகிதத்தை உடம்பில் தடவி, அதன்மேல் மூச்சை ஊதி, தம்மீதுள்ள அழுக்கையெல்லாம் அந்தக் காகிதத்துக்கு மாற்றிவிட்டு, அதை ஆற்றில் விடுவதோ எரிப்பதோ அச்சடங்கின் ஒரு பகுதி. இந்த மங்காவின் நாயகன் ரொக்குரோ, உலகத்துக் கெகாரே அனைத்தையும் தானே கழித்து முடிப்பேன் என்று சிறுவயதில் சூளுரைத்தவன். ஊராரின் அழுக்கையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்ளும் அந்தக் காகித உருவத்தை நினைத்துக்கொண்டு அவனுடைய சூளுரையைப் படிக்கும்போது, வீரவசனமாக மட்டும் கேட்ட அதே வரியில் ஓர் அச்சமும் சேர்ந்து ஒலிக்கிறது. இது என் வாசிப்பு. ஆசிரியர் இப்படிச் சொன்னதாக நான் கூறவில்லை.

தீட்டு என்ற சொல்லைக் கையாளும்போது ஒன்றை மறைத்துவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. நம் நாட்டில் அந்தச் சொல் மனிதர்களையே ஒதுக்கிவைக்கும் கொடுமைக்குப் பயன்பட்டது. ஜப்பானிலும் அப்படித்தான், இறந்த விலங்குகளைக் கையாள்வது, தோல் பதனிடுவது போன்ற தொழில் செய்தவர்கள் பிறப்பாலேயே தூய்மையற்றவர்களாக ஒதுக்கப்பட்டார்கள். 1871ஆம் ஆண்டு அரசாணை அந்த இழிநிலையைச் சட்டப்படி நீக்கிய பிறகும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் பாகுபாட்டைச் சந்தித்தார்கள். ஒருமுறை தீட்டுப் பட்டவனை என்றைக்கும் தள்ளிவைத்துவிட வேண்டுமா என்ற கேள்வி ரொக்குரோவின் வலக்கையில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். இந்தக் கதையை நான் விடாமல் பின்தொடர்ந்ததற்குச் சண்டைக்காட்சிகளைவிட அந்தக் கேள்வியே காரணம்.

ஒன்ம்யோஜி யார்?

தலைப்பில் உள்ள ‘சோசெய்’ என்பது இரட்டை நட்சத்திரம். ‘ஒன்ம்யோஜி’ என்பவர் யின்-யாங் என்னும் இரு ஆற்றல்களின் கலையை அறிந்தவர். ஆங்கிலத் தலைப்பில் உள்ள ‘எக்ஸார்சிஸ்ட்’ என்ற சொல் சிலுவையும் புனித நீரும் ஏந்திய கத்தோலிக்கப் பாதிரியாரை நினைவுக்குக் கொண்டுவருவதால், அதை வாசல் பலகையாக மட்டும் கொள்வது நல்லது.

பழைய ஜப்பானில் ஒன்ம்யோஜி என்பவர் அரசு அலுவலர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய ஒன்ம்யோ அலுவலகத்தில் நாட்காட்டி கணிப்பது, விண்மீன்களை நோக்குவது, நீர்க்கடிகாரம் பார்த்து நேரம் அறிவிப்பது, குறி பார்ப்பது ஆகிய பணிகள் நடந்தன. இன்ன நாளில் இன்ன திசையில் பயணம் கூடாது என்று அவர்கள் குறித்துக் கொடுத்தால், பிரபுக்கள் முதல் நாள் இரவே வேறொரு வீட்டில் போய்த் தங்கி, மறுநாள் திசையை மாற்றிக்கொண்டு புறப்படுவார்கள். பஞ்சாங்கத்தில் சூலம் பார்த்துப் புறப்பட்ட தாத்தாக்களின் பேரர்களுக்கு இது அந்நியமான செய்தி அன்று.

இவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் அபே நோ செய்மெய் (921–1005). கியோத்தோ நகரின் ஹொரிகாவா பகுதியில் அவருக்கென்று ஒரு கோயில் இருக்கிறது. ஐம்பூதக் கொள்கையைக் காட்டும் ஐந்துமுனை நட்சத்திரம் அதன் சின்னம். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பவை கிழக்காசியாவின் ஐம்பூதங்கள். நம்முடைய வரிசையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். செய்மெய்யின் தாய் ஒரு வெண்ணரி என்று கதை சொல்கிறது. மங்காவின் நாயகி பெனியோ நரி முகமூடி அணிந்து களத்துக்கு வருவதைப் பார்க்கும்போது இந்தக் கதை நினைவில் இருந்தால், அந்த முகமூடி வெறும் அலங்காரமாகத் தோன்றாது.

கெகாரேயைக் கழிக்கும் இளையவர்களின், அதாவது இளம் கழிப்பாளர்களின், போட்டி என்ற கருவும் இந்த மரபுக்குப் புதிதன்று. செய்மெய்க்கு அஷியா தோமான் என்றொரு போட்டியாளர் இருந்ததாகப் பழங்கதைகள் உண்டு. மூடிய பெட்டிக்குள் இருப்பதைச் சொல்லும் போட்டியில் தோமான் ஆரஞ்சுப் பழங்கள் என்று சரியாகச் சொல்ல, செய்மெய் எலிகள் என்று சொல்கிறார். பெட்டியைத் திறந்தால் எலிகள் குதித்து ஓடுகின்றன, ஏனென்றால் பழங்களை அவர் மந்திரத்தால் எலிகளாக மாற்றிவிட்டிருந்தார்.

செய்மெய்யின் வழிவந்த குடும்பமே பிற்காலத்தில் ட்சுச்சிமிகாதோ என்ற பெயர் கொண்டது. 1870இல் மெய்ஜி அரசு ஒன்ம்யோ அலுவலகத்தை ஒழிக்கும்வரை அந்தக் குடும்பமே இக்கலையின் தலைமையிடமாக இருந்தது. மங்காவில் கழிப்பாளர்களின் தலைவராக வரும் அரிமாவின் குடும்பப் பெயரும் ட்சுச்சிமிகாதோதான். இந்த ஒரு பெயரால், வரலாற்றில் முடிந்துபோன ஓர் அலுவலகம் மறைவாக இன்றும் இயங்கி வருகிறது என்ற கற்பனையை ஆசிரியர் நம் முன் வைத்துவிடுகிறார்.

சண்டைகளில் அடிக்கடி வரும் ‘க்யூக்யூ ந்யோரிட்சுர்யோ’ என்ற மந்திர முடிவு வரியையும் கவனியுங்கள். பண்டைய சீனாவின் ஹான் காலத்து அரசு ஆவணங்களில், ‘சட்டப்படி விரைந்து நிறைவேற்றுக’ என்ற பொருளில் கடைசியில் எழுதப்பட்ட அலுவலகத் தொடர் அது. சீனச் சமயமான தாவோயிசத்தின் மந்திரங்களுக்குள் நுழைந்து, கடல் கடந்து ஜப்பானுக்கு வந்து, ஒன்ம்யோஜியின் உதட்டில் தங்கிவிட்டது. மந்திரச் சீட்டை நீட்டிக் கத்தும் சிறுவன் உண்மையில் ஓர் அரசாணையைப் பிறப்பிக்கிறான்.

பெயர்களை உடைத்துப் படியுங்கள்

ஜப்பானியப் பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன என்று குறைபட்டுக்கொள்ளும் வாசகருக்கு இந்தக் கதை நல்ல மருந்து. நாயகனின் குடும்பப் பெயர் என்மாதோ. ‘என்மா’ என்பவர் வேறு யாருமல்லர், பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனா வழியாகச் சென்ற நம் எமன்தான். ஜப்பானியக் கோயில்களில் எமனுக்கென்று அமைந்த மண்டபத்தை ‘என்மாதோ’ என்றே அழைப்பார்கள். நாயகியின் குடும்பப் பெயர் அதாஷினோ. அது கியோத்தோவின் மேற்கே சாகா பகுதியில் உள்ள பழைய இடுகாட்டின் பெயர்; அங்குள்ள நென்புட்சு-ஜி கோயிலில், உரிமை கோர யாருமின்றிச் சிதறிக் கிடந்த ஏறத்தாழ 8,000 சிறு கல்லுருவங்களை ஒன்றுசேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆகஸ்டு மாத இறுதியில் ஒவ்வொரு கல்லின் முன்னும் மெழுகுவத்தி ஏற்றும் இரவும் உண்டு.

எமன் மண்டபத்தின் பெயர் தாங்கிய பையனும் இடுகாட்டின் பெயர் தாங்கிய பெண்ணும் எதிரெதிரே நின்று, ‘உன்னைவிட நானே வலிமையானவன்’, ‘உன்னைவிட நானே தகுதியானவள்’ என்று வீம்பு பிடிக்கிறார்கள் என்பதை அறிந்து முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். இருவருமே பிஞ்சு வயதில் சாவின் வாசலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். கெகாரே வாழும் மறு உலகமான மகானோவின் பெயரும் ‘கேடு’, ‘வெளி’ என்ற இரண்டு எழுத்துகளால் ஆனது. அதாஷினோவின் கடைசி எழுத்தும் அதே ‘வெளி’தான்.

போட்டியை வாசிக்கும் விதம்

கதை தொடங்கும்போது ரொக்குரோவுக்குப் பதினான்கு வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஹினாட்சுகி என்ற விடுதியில் அவனோடு பயிற்சி பெற்ற பிள்ளைகள் அனைவரும் ஓர் இரவில் மாண்டுபோக, அவன் மட்டும் மீண்டான். அதன்பிறகு கழிப்பாளனாக இருக்கவே மாட்டேன் என்று விலகி நிற்கிறான். பெனியோ அவன் வயதுக்காரி. பெற்றோரைக் கெகாரேயிடம் இழந்தவள். இந்தத் தொழிலைத் தவிர வாழ்க்கையில் வேறெதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தவள். கைவிட்டவனும் கைவிட மறுத்தவளும் சந்திக்கிறார்கள். திறமையிருந்தும் ஒதுங்கிக்கொண்ட அவனை அவள் வெறுக்கிறாள். தான் ஓடி ஒளிந்த இடத்துக்கே வந்து கண்ணாடி காட்டுபவளை அவன் வெறுக்கிறான்.

போட்டியாளரைக் குறிக்க ஜப்பானிய மொழியில் ‘கோதெகிஷு’ என்றொரு சொல் உண்டு. எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்தால் ‘நல்ல எதிரி’ என்று வரும். தன் முழு வலிமையையும் வெளிக்கொணரும் அளவுக்குத் தகுதி படைத்த எதிராளி என்பது அதன் உட்பொருள். சிறுவர் மங்காக்களில் இத்தகைய எதிராளிகள் பெரும்பாலும் வலிமையின் அளவுகோலாக மட்டும் நிற்பார்கள். ஒருவன் ஒரு படி ஏறினால் மற்றவன் இரண்டு படி ஏறுவான், அவ்வளவுதான். இங்கே ரொக்குரோவும் பெனியோவும் ஒருவருக்கொருவர் அளவுகோலாக மட்டும் நின்றுவிடுவதில்லை, ஒருவர் மறைத்துவைத்த காயத்தை மற்றவர் கண்டுபிடித்துவிடுகிறார்.

நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு தாளை இரண்டாகக் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சண்டை முடிந்ததும், தான் ஏன் போரிடுகிறேன் என்று இருவரும் வாய்விட்டுச் சொன்ன காரணத்தை இடப்பக்கம் எழுதுங்கள். படத்தில் அவர்கள் உடல் சொன்னதை வலப்பக்கம் எழுதுங்கள். வலக்கையை எங்கே மறைக்கிறான், முகமூடி எப்போது கழல்கிறது, யார் முதலில் பார்வையை விலக்குகிறார் என்பவையெல்லாம் வலப்பக்கத்தில் சேர வேண்டியவை. முதல் இரண்டு தொகுதிகளுக்கு மட்டும் இப்படிச் செய்தால் போதும். இரண்டு பக்கங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதை நீங்களே காண்பீர்கள். அந்தப் பொருத்தமின்மை சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருவதே இக்கதையின் வளர்ச்சி.

சண்டை வரையப்பட்டிருக்கும் முறையிலும் இதே எண்ணம் ஓடுகிறது. ரொக்குரோவின் வலிமை கையில் இருக்கிறது. நெருங்கிப்போய்க் குத்துபவன் அவன். பெனியோவின் வலிமை கால்களில். மந்திரச் சீட்டால் வேகத்தைக் கூட்டிக்கொண்டு இரட்டை வாளோடு பாய்பவள் அவள். ஒருவரிடம் இல்லாததே மற்றவரிடம் இருக்கிறது. பிறகு ஓரிடத்தில் இருவரின் ஆற்றலும் ஒன்றோடொன்று அதிர்ந்து இணையும் நிலை வருகிறது. அந்தப் பக்கங்களுக்கு வரும்போது வசனத்தை விட்டுவிட்டு, ஒருமுறை படங்களை மட்டும் பார்த்துச் செல்லுங்கள்.

பெனியோவுக்குப் பிடித்த தின்பண்டம் ஓஹாகி. நம் பூரணக் கொழுக்கட்டையை உள்வெளியாகத் திருப்பிப்போட்டது போன்றது அது. பசைச் சோற்று உருண்டை உள்ளே இருக்கும், செம்பயற்றுப் பூரணம் வெளியே பூசப்பட்டிருக்கும். இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டிய ஹிகான் வாரத்தில், இறந்த முன்னோருக்குப் படைத்துவிட்டு உண்பது இது. செம்பயற்றின் சிவப்புக்குத் தீமையை விரட்டும் ஆற்றல் உண்டு என்ற நம்பிக்கையும் இருக்கிறது. பெற்றோரை இழந்த சிறுமி, முன்னோருக்குப் படைக்கும் இனிப்பை வாய்நிறையத் தின்கிறாள் என்பதை நகைச்சுவைக் காட்சியாக மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை.

இருவருக்கும் ‘இரட்டை நட்சத்திரம்’ என்ற பட்டத்தைச் சூட்டும் அரிமா, அவர்கள் மணந்துகொள்வார்கள் என்றும், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளையே எல்லாவற்றையும் கழித்து முடிக்கும் தெய்வக் குழந்தையாக இருக்கும் என்றும் அறிவிக்கிறார். பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தத்தைப் போல இது வந்து விழுகிறது. ஆசிரியர் தொடக்கத்தில் இதைச் சிரிப்புக்குப் பயன்படுத்துகிறார், அந்தச் சிரிப்பில் சில இடங்கள் எனக்கு உவப்பாக இல்லை. பெண்களின் உடலை வேடிக்கைப் பொருளாக்கும் சில கட்டங்களும் உண்டு என்பதால், பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் இதைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இருவருமே அந்த ஏற்பாட்டை அன்றே மறுத்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். யாரோ எழுதிவைத்த விதியைத் தங்கள் சொந்த முடிவாக மாற்றிக்கொள்ள முடியுமா என்பதைத்தான் அதன்பிறகு வரும் பெரும்பகுதி பேசுகிறது.

வேகமும் வரிசையும்

மாத இதழில் வந்த தொடர் என்பதால் அத்தியாயங்கள் வார இதழ்த் தொடர்களைவிட நீளமானவை. ஓர் அமர்வில் ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் களைப்பு வராது. சில தொகுதிகளுக்குப் பின் கதையில் ஈராண்டுகள் கடந்துவிடும். பிறகு கழிப்பாளர்களின் தலைமையிடமான ட்சுச்சிமிகாதோ தீவுக்குக் களம் மாறும். அங்கே புதிய முகங்கள் கூட்டமாக வந்து இறங்குவதால், புதியவர்கள் பலரும் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. தலைசிறந்த பன்னிரண்டு கழிப்பாளர்களுக்குப் பன்னிரு தெய்வப் படைத்தலைவர்களின் பெயர்கள் பட்டமாக வழங்கப்படுகின்றன. செய்மெய்யின் ஏவலில் இருந்ததாகப் பழங்கதைகள் சொல்லும் பன்னிரு ஆவிகளின் பெயர்களே அவை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முயலாமல், திசைக்காவலர் நால்வரை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: கிழக்கே நீல நாகம் செய்ர்யூ, மேற்கே வெண்புலி ப்யாக்கோ, தெற்கே செம்பறவை சுசாகு, வடக்கே பாம்பு சுற்றிய ஆமை கென்பு. ரொக்குரோவின் ஆசான் செய்கெனுக்கு வெண்புலிப் பட்டம். அவரிடமே பயின்றவனும், வயதில் இளையவனாயினும் செம்பறவைப் பட்டம் பெற்றவனுமான ஷிமோன் சிறகு விரித்து வருவான். ஒரே ஆசானின் இரண்டு மாணவர்கள் என்பதால் ரொக்குரோ, ஷிமோன் இருவருக்குமிடையே எழும் போட்டி வேறு வகைப்பட்டது. இரண்டு போட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷிமோனிடம் தோற்றால் ரொக்குரோவுக்கு ரோசம் வருகிறது. பெனியோவிடம் தோற்றால் அவனுக்கு வெட்கம் வருகிறது.

இக்கதையைத் தழுவிப் பியெரோ நிறுவனம் உருவாக்கிய அனிமே எனும் அசைபடத் தொடர் 2016 ஏப்ரல் முதல் 2017 மார்ச் வரை ஐம்பது பகுதிகளாக ஒளிபரப்பானது. அதன் முற்பகுதி மங்காவை ஒட்டிச் செல்கிறது. பிறகு மங்காவில் இல்லாத சாயே என்ற சிறுமியை மையமாகக் கொண்டு தனிப் பாதையில் போய்விடுகிறது. ஆகையால் அனிமேயை முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மங்காவைத் தொடரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மங்காவை முதல் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். அனிமேயைப் பிறகு தனிக்கதையாகப் பாருங்கள். திருட்டுத் தளங்களில் பக்கம் விடுபட்டும் மொழிபெயர்ப்பு சிதைந்தும் கிடைப்பதை நம்பி இறங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் இத்தனை பொருள் சுமக்கும் கதையில் தவறான மொழிபெயர்ப்பு செய்யும் கேடு அதிகம்.

முதல் தொகுதியை முடித்த கையோடு இரண்டாவதை எடுக்காமல், தொடக்க அத்தியாயத்துக்குத் திரும்பி, ரொக்குரோ தன் வலக்கையை என்ன செய்கிறான் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே ஒருமுறை புரட்டுங்கள். என் அக்கா மகள் அப்படிப் புரட்டும்போது, அந்தக் கை தென்படும் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். அந்தப் பிரதி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.